டவுன் பஸ்ஸில் ஏர்போர்ட்டுக்கு

"டாக்சி மட்டும் வேணாம்மா. எந்த ஸ்டாண்டுல கூப்பிட்டாலும் செத்த நேரத்துல அவருக்குத் தெரிஞ்சுபோகும்" என்றாள் வினோலியா. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

"ரயிலு?" என்று கேட்டாள் இன்னாசியம்மாள்.

"ஸ்டேசன் வாசல்ல வண்டி போட்டிருக்கிறவங்களும் அவரு ஆளுகதான்."

"அப்ப பஸ் ஸ்டாண்டு?"

வினோலியா தன் இடது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள்.

அவள் கணவன் ஆனந்த்ராஜ் டாக்சி ஓட்டுகிறவன். திண்டுக்கல்லில் எங்கே திரும்பினாலும் அவனுக்கு ஒரு சிநேகிதன் வண்டியோடு நிற்பான். போன தடவை அவள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், மதுரை பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்தும்விட்டாள். யாரோ போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். பஸ் கிளம்புவதற்குள் வந்து, அத்தனை பேர் பார்க்க அவளை இறக்கிக் கூட்டிவந்தான். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு அவன் முறுக்கிய கை இன்னும் சரியாக மடங்கவில்லை.

இனி அப்படி மாட்டினால் கையோடு போகாது என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

துபாயில் நர்ஸ் வேலை. கூடப் படித்த ஹாஃபிஸா அங்கிருந்தே எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டாள். மதியம் மதுரையிலிருந்து விமானம். ஆனந்த்ராஜ் கொடைக்கானலுக்குச் சவாரி போயிருந்தான். இதைவிட்டால் வேறு நாள் வாய்க்காது.

"வத்தலக்குண்டு, உசிலம்பட்டின்னு சுத்திப் போயிருவமா?"

"கிறுக்குப் பிள்ள, கொடைக்கானல்ல இருந்து அவன் இறங்குற வழியே வத்தலக்குண்டுதான்." இன்னாசியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "சின்னாளபட்டிக்கு டவுன் பஸ்ல போவோம். சேலை எடுக்கப் போற மாதிரி. அங்கன மதுரை பஸ்ஸைக் கைகாட்டி ஏறிக்கிருவோம். பெட்டி வேணாம். கட்டைப் பையில ரெண்டு சுடிதாரை வை, போதும்."

"பாஸ்போர்ட்?"

"அவன் குளிக்கப் போனப்பவே எடுத்துட்டேன்" என்று இடுப்பைத் தட்டிக் காட்டினாள் இன்னாசியம்மாள்.

டவுன் பஸ்ஸில் போகும்போது, பின்னால் ஹாரன் கேட்கும்போதெல்லாம் வினோலியா ஜன்னலை விட்டு உள்ளே தள்ளி உட்கார்ந்தாள்.

சின்னாளபட்டியில் இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். மதுரை பஸ் தூரத்தில் தெரிந்த நேரம் பார்த்து, ஒரு கார் அவர்கள் பக்கத்தில் வந்து மெதுவாக நின்றது. டாக்சி ஸ்டாண்டு மதன்குமார், ஆனந்த்ராஜின் சிநேகிதன்.

"என்னம்மா, ரெண்டு பேரும் இங்கன நிக்கிறீங்க? ஆனந்து ஒண்ணும் சொல்லலையே?"

வினோலியா பையைக் காலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"சேலை எடுக்க வந்தோம்ப்பா" என்றாள் இன்னாசியம்மாள். "சொந்தத்துல ஒரு விசேசம்."

மதன்குமார் வினோலியாவின் கையிலிருந்த பையைப் பார்த்தான். தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தான். கொஞ்ச தூரம் போனதும் அவன் காதில் போன் ஏறுவது தெரிந்தது.

மதுரை பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் வினோலியாவின் போன் அடித்தது. ஆனந்த்ராஜ். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

"அமத்திப் போடு."

"எடுக்கலைன்னா இங்க வந்துருவாரும்மா!"

"வரட்டும். சின்னாளபட்டியில போய்த் தேடட்டும். அமத்து."

கொடை ரோடு டோல்கேட்டில் பஸ் ஊர்ந்தது. எதிர்ப் பக்கத்து வரிசையில் ஒரு வெள்ளைக் கார் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நம்பரை வினோலியா பார்த்தாள். மலையிலிருந்து எப்போது இறங்கினான்? சவாரியைப் பாதியில் விட்டுவிட்டானா? ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, முன்னால் நின்ற லாரிக்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தான்.

இன்னாசியம்மாள் அவள் தலையைப் பிடித்துத் தன் மடியில் அழுத்தினாள். முந்தானையை இழுத்து மேலே மூடினாள். தானும் குனிந்துகொண்டாள். சேலைக்குள் வினோலியாவுக்கு மூச்சு முட்டியது.

பஸ் நகர்ந்தது. ஹாரன் சத்தம் திண்டுக்கல் பக்கமாகத் தேய்ந்து போனது.

அதன் பிறகும் மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்து, ஏர்போர்ட் வாசலுக்கு வரும்வரை வினோலியா நிமிரவில்லை.

"நீங்க ஊருக்குத் திரும்பிப் போகாதீங்கம்மா. உங்களைச் சும்மா விட மாட்டாரு."

"என்னைய என்ன செஞ்சிருவான்? நீ போ. திரும்பிப் பாக்காமப் போ."

வினோலியா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். கண்ணாடிக் கதவு மூடியது.

இன்னாசியம்மாள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். விமானம் கிளம்பும்வரை அங்கேயே நின்றாள். தலைக்கு மேல் சத்தம் எழும்பி மறைந்த பிறகுதான் தன் போனை எடுத்து, அணைத்து வைத்திருந்ததை உயிர்ப்பித்தாள். உடனே அடித்தது.

"அவ எங்க?" ஆனந்த்ராஜின் குரல் பக்கத்தில் நின்றவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. "சொல்லு, எங்க அவ? கொன்னுபோடுவேன்!"

"உங்க அப்பன்கிட்ட இருந்து தப்பிச்சுப் போக எனக்கு ஒருத்தரும் வழி காட்டலடா" என்றாள் இன்னாசியம்மாள். "உன்னையப் பெத்தவ நான், அவளுக்குக் காட்டிட்டேன். வீட்டுக்குத்தான் வாரேன், இரு."