கொதிக்க மறுத்த செம்புக் குழாய்

வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற ஓர் அடுப்படியில், ஏசி மாட்டியதில் மிஞ்சிய செம்புக் குழாய் ஒன்று இருந்தது. குக்கரைச் சுற்றி வளைத்து அதைச் சுருளாக்கி, இரு முனையிலும் ஹோஸ் பைப்பைச் சொருகியிருந்தார்கள்; கொதித்த கஷாயத்தைச் சீக்கிரம் ஆற்றுவதுதான் அதன் வேலை. அதற்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் ஓர் அண்டா நிறையப் பார்லிக் கஷாயம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. "ஆச்சா? ஆத்திடட்டுமா?" என்று குழாய் நிமிஷத்துக்கு ஒரு தரம் அண்டாவை நச்சரித்தது.

"இப்பவே இறங்கு. பத்து நிமிஷம் என்னோட சேர்ந்து கொதி. உன் மேல இருக்கிற கிருமியெல்லாம் சாகும்," என்றது அண்டா.

குழாய்க்குச் சுருக்கென்றது. "நான் ஆத்த வந்தவன். நான் எதுக்குக் கொதிக்கணும்?"

கஷாயத்தைப் புளிக்கவைத்துப் பீராக்க டம்ளரில் காத்திருந்த ஈஸ்ட் கெஞ்சியது: "அந்தக் கிருமி வந்தா என் சாப்பாட்டையெல்லாம் தின்னுடும். அண்டா சொல்றதைக் கேளேன்."

குழாய் கேட்கவில்லை. அடுப்பு அணைந்த பிறகுதான் கஷாயத்துக்குள் குதித்தது. பச்சைத் தண்ணீர் அதற்குள் சுற்றிச் சுற்றி ஓட, இருபதே நிமிஷத்தில் கஷாயம் ஆறிவிட்டது. ஈஸ்ட் தயங்கித் தயங்கி இறங்கியது. "பார்த்தீங்களா!" என்று ஆணியில் தொங்கியபடி மூன்று நாளும் பெருமையடித்தது குழாய்.

நாலாம் நாள் அண்டாவின் மூடியைத் திறந்தார்கள். குப்பென்று நாற்றம் அடித்தது. அவ்வளவையும் சாக்கடையில் கொட்டினார்கள்; ஈஸ்டும் அதோடு போயிற்று.

அடுத்த வாரம் அண்டா மறுபடி அடுப்பில் ஏறியது. தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. குழாய் உள்ளே உட்கார்ந்திருந்தது.

"இன்னும் நேரமிருக்குப்பா," என்றது அண்டா.

"இருக்கட்டும்," என்றது குழாய்.