டயர் செருப்பு

"உங்க கூலிப்படைதான் எங்க ஊர்களை எரிக்குது" என்றார் போராளிகளின் தளபதி சேந்தன். "அப்படி ஒரு படையே கிடையாது" என்று மேசையைத் தட்டினார் அமைச்சர் திருவரங்கன். பேச்சுவார்த்தை அதோடு முறிந்தது. வெளியே மழை இருட்டு. வாசலில் கிடந்த செருப்புகளில் தளபதியின் டயர் செருப்பை மாட்டிக்கொண்டு, அமைச்சர் பக்கத்திலிருந்த விருந்தினர் மாளிகைக்கு நடந்தே போனார். சர்க்கரை நோயில் மரத்துப்போன பாதத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. மிச்சமிருந்த தோல் செருப்பைத் திட்டிக்கொண்டே போட்டுக்கொண்டு தளபதி காட்டுக்குள் போனார்.

அந்த இல்லாத படை அன்றுதான் சேந்தனைத் தீர்த்துக்கட்டப் புறப்பட்டிருந்தது. போராளிகள் போடும் டயர் செருப்பின் தடத்தைப் பார்த்து ஆள் பிடிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஈரமண்ணில் தடத்தைத் தொடர்ந்து போய், விடியும்போது மாளிகையை வளைத்து, "வெளிய வாடா சேந்தா!" என்று கத்தினார்கள். வாய் நிறையப் பற்பசை நுரையோடு அமைச்சர் வெளியே வந்தார். அத்தனை பேரும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள்.

செருப்பை மாற்றிக்கொள்ள வந்திருந்த சேந்தன் வேலியோரம் நின்று இதைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கையை இறக்கச் சொல்லுங்க ஐயா. பாவம், நீங்க சொல்லாம இறக்க மாட்டாங்க."

அமைச்சர் அந்தக் கைகளைப் பார்த்தார். தன் காலில் கிடந்த டயர் செருப்பைப் பார்த்தார். நுரையைத் துப்பினார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இறக்குங்கடா" என்றார். "அப்படியே துப்பாக்கியையும்."