சேர்க்கக் கூடாதவர்கள்

தம்பி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். வெறும் வயிறு.

இன்றைக்கே மருந்து கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துவிட்டான்.

அவள் அவனை ஆய்வகத்துக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்காரவைத்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

நுரையீரல் புற்றுநோயில், செல்லுக்குள் ஒரு புரதம் பழுதாகி, பெருகு பெருகு என்று ஓயாமல் ஏவிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தவள் அவள். அந்த ஏவலை நிறுத்த ஒரு மாத்திரை உருவாவதற்குள் தலை நரைத்துவிட்டது.

மாத்திரையை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி வந்த சமயத்தில்தான், உடன்குடியில் சைக்கிள் கடை வைத்திருந்த தம்பி ஜெயசீலனுக்கு இருமலில் ரத்தம் வந்தது.

அவன் நுரையீரலிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை அவளே சோதித்தாள்.

அதே புரதம். அதே பழுது.

கர்த்தர் வழி திறந்துவிட்டார் என்றான் அவன். ஊரெல்லாம் 'அக்கா மருந்து' என்று சொல்லிவைத்தான். அவளும் உள்ளுக்குள் நம்பினாள்.

நேற்றைய ஸ்கேனில், மூளையில் இரண்டு புள்ளிகள்.

மூளைக்குப் பரவியவர்களை ஆய்வில் சேர்க்கக் கூடாது.

அந்த விதியை எழுதியவளும் அவள்தான். கூட்டத்தில் ஒரு இளம் டாக்டர் மறுத்துப் பேசினார். அவர்கள் எப்படியும் சீக்கிரம் போய்விடுவார்கள், அந்தச் சாவெல்லாம் மருந்தின் தலையில் விழும் என்று சொல்லி அவரை உட்காரவைத்தாள்.

நியாயமான விதி. இப்போதும் அவளால் அதைத் தவறென்று சொல்ல முடியவில்லை.

காலையில் மருந்துக் கம்பெனிக்காரர்களிடம் கெஞ்சினாள். அவள் சொன்ன காரணத்தையே அவளிடம் பணிவாகத் திருப்பிச் சொன்னார்கள்.

ஸ்கேனையும் விதியையும் பற்றி அவள் சொல்லி முடித்ததும் தம்பி கேட்டான்.

"யாருக்கா இப்படி ஒரு விதி வச்சது?"

"கமிட்டியில வச்சது."

"படிச்சவங்க யோசிச்சுத்தான் வச்சிருப்பாங்க. நீ மனசப் போட்டு ஒழப்பாத."

எழுந்து, ஊருக்கு எப்போது பஸ் என்று கேட்டான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவனை அடக்கம் செய்தார்கள்.

மருந்து பலித்தது.

அடுத்த கட்டத்தில் விதியைத் தளர்த்தினார்கள். மாத்திரை மூளைக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் கட்டிகள் கரைந்தன.

மாநாட்டு மேடையில் அந்தச் சேதியை அவள்தான் சொன்னாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

கீழே இறங்கியதும் ஒரு பெண் ஓடிவந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். தலைக்குள் பரவி, ஆள் தேறாது என்று தன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இப்போது தானே சமைக்கிறாளாம். தை மாதம் மகளுக்குக் கல்யாணமாம்.

பேசிக்கொண்டே வந்த அந்தப் பெண் நிறுத்தினாள். அவள் முகத்தையே பார்த்தாள்.

"இந்த நோய்க்குன்னே இவ்வளவு பாடுபட்டிருக்கீங்களே டாக்டர். உங்க வீட்ல யாருக்காச்சும் இருந்துச்சா?"

அந்தப் பெண்ணின் உள்ளங்கைகள் வெதுவெதுப்பாக இருந்தன.

"இல்லம்மா" என்றாள்.