பாலம் தாண்டாத வண்டி

"வண்டி மறுபடியும் மக்கர் பண்ணிடுச்சுப்பா. பாலத்துக்கு இந்தப் பக்கம் நிக்கிறோம்."

போனில் அப்பா சொன்னதும் மகனுக்குச் சுர்ரென்று ஏறியது. குழந்தைக்கு முதல் பிறந்தநாள். மண்டபம் நிறைய விருந்தாளிகள். தாத்தா பாட்டி வந்ததும் கேக் வெட்டலாமென்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஒரு டாக்ஸி பிடிச்சு வாங்கப்பா."

"வண்டியை நடுரோட்டுல அநாதையா விட்டுட்டு எப்படிப்பா வர்றது? நீங்க வெட்டிடுங்க."

பக்கத்தில் நின்ற மாமனார் சிரித்தார். "உங்கப்பா காரை வச்சிருக்காரா, கார் அவரை வச்சிருக்கா மாப்பிள்ளை?"

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். மகனும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தான். வேறென்ன செய்வான்?

அந்தக் காரின் கதை சொந்தபந்தம் முழுக்கப் பிரசித்தம். யாரோ ஒரு கம்பெனி முதலாளி ஏறி இறங்கிய வண்டி. அப்பா அதை வாங்கியபோது மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். கப்பல் போல நீளம், ஆள் படுத்துத் தூங்கலாம் போலப் பின் சீட். சீட்டின் தோல் கிழிந்தால் அப்பா ஆள் தேடிப் பிடித்துத் தைக்க வைப்பார். ஒரு ரப்பர் வளையத்துக்காக வெளிநாட்டுக்குச் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார். ஞாயிறானால் பானெட்டுக்குள் தலையை விட்டுவிடுவார்.

இவ்வளவு சீராட்டியும் அது நாள் பார்த்துக் காலை வாரும். மகனின் பட்டமளிப்பு விழாவுக்கு வரும்போது நின்றது. அவன் கல்யாண ரிசப்ஷன் அன்றைக்கும் நின்றது. வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு அப்பா மட்டும் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். அம்மாவைத் திரும்பக் கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டாராம். இப்போது பேத்தியின் முறை.

மறுநாளே மகன் வந்து நின்றான்.

"புது வண்டி புக் பண்ணிட்டேன். பழசை எக்ஸ்சேஞ்சுல குடுத்துடலாம். ஒரு கையெழுத்துப் போடுங்க."

"வேணாம்ப்பா. பழகின வண்டி."

"ஏன் வேணாம்? ஒரே ஒரு காரணம் சொல்லுங்க, விட்டுடறேன்."

அப்பா வாயைத் திறந்தார். சமையலறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"உங்களுக்கு எங்களைவிட அந்த டப்பாதான் ஒசத்தி. அதையாவது ஒத்துக்கோங்க."

அப்பா கையெழுத்துப் போட்டார்.

புது வண்டி வந்த அன்று பழையதை மகனே ஷோரூமுக்கு ஓட்டிப் போனான். பாலத்தை நெருங்கியதும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறி இறங்கியது.

பழைய வண்டிகளைச் சோதிக்கிறவர் மேலும் கீழும் பார்த்தார். கம்ப்யூட்டரை மாட்டியும் பார்த்தார்.

"இன்ஜின் தங்கம் சார். யார் வச்சிருந்தது?"

"எங்கப்பா. ஆனா அடிக்கடி வழியில நின்னுடும்."

"இந்த வண்டியா? சான்ஸே இல்ல சார்."

இந்த மாதிரி வண்டிக்காகவே காத்திருந்த வெளியூர்க்காரர் ஒருவர் அங்கேயே விலை பேசி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மகன் அது வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். அப்படியானால் இத்தனை வருஷமும் அப்பா சொன்னதெல்லாம் பொய். நம் வீட்டு விசேஷத்துக்கு வர மனசில்லை, அவ்வளவுதான்.

புது வண்டியோடு வீடு திரும்பியபோது அம்மா வெளியே வந்தாள்.

"இனிமே கவலையில்லம்மா. இது வழியில நிக்கிற பேச்சே கிடையாது."

"நிக்கவே நிக்காதா?" என்று அம்மா கேட்டாள். முகத்தில் சந்தோஷமே இல்லை. பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள்.

பழைய வண்டி நின்ற இடத்தை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சொட்டு ஆயில்கூடச் சிந்தியிருக்கவில்லை.

"அது வழியில நிக்கிற வண்டியே இல்லையாம்ப்பா. வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லியிருக்கலாமே?"

அப்பா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கம்மாவுக்குக் கூட்டம்னா ஆகாதுப்பா. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், மூச்சு முட்டும். காட்டாத டாக்டர் இல்ல. ஒவ்வொரு தடவையும் ஆசையாத்தான் உடுத்திக்கிட்டு வருவா. இன்னிக்கு எப்படியும் போயிடலாம்னு சொல்லுவா. பாலம் வர்றதுக்குள்ள கையெல்லாம் சில்லுன்னு ஆயிடும். ஓரங்கட்டி, பின் சீட்டுல படுக்க வச்சு, வீட்டுக்குத் திருப்பிடுவேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா."

"சொந்தக்காரங்க பைத்தியம்னு பேர் வச்சிடுவாங்கன்னு அவளுக்குப் பயம். உன்கிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. அதான் பழியை வண்டி மேல போட்டேன்."

"அப்புறம் எதுக்கு அதை அப்படிப் பார்த்துப் பார்த்து ரிப்பேர் பண்ணீங்க?"

"நிஜமாவே நின்னுட்டா அவளை எப்படிப்பா வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றது?"

மகனால் தலை நிமிர முடியவில்லை. மண்டபத்தில் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தது ஞாபகம் வந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "தப்புப் பண்ணிட்டேன்ப்பா."

அப்பா புது வண்டியின் பளபளப்பான பானெட்டை மெல்லத் தடவினார்.

"வண்டி நல்ல வண்டிதான். ஆனா வர்ற ஞாயித்துக்கிழமை உங்க சித்தி பொண்ணு கல்யாணம். இது நடுவழியில நின்னுடுச்சுன்னு சொன்னா யாருப்பா நம்புவாங்க?"