ஊர் பார்க்க வந்தவர்

பேருந்தின் திறந்த மேல்தளத்தில் அன்று காலை ஐந்து பேர்தான். முன்வரிசையில் தொப்பி போட்ட இரண்டு சீனப் பெண்கள். அதற்கு அடுத்த வரிசையில் ஓரமாக ஜமாரிஸ், அவருக்குப் பக்கத்தில் மகன் யுஸ்ரில். நடைபாதைக்கு அந்தப் பக்கம், ஈப்போவிலிருந்து வந்த முக்காடு போட்ட ஓர் அம்மாள்.

யுஸ்ரிலுக்குக் கண் எரிந்தது. முந்தின இரவு, வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடையில் அடுப்பை அணைத்தபோது நடுச்சாமம் தாண்டிவிட்டது.

கோலாலம்பூரில் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாயிற்று. இரட்டைக் கோபுரத்தை அப்பா கீழே புல்லில் உட்கார்ந்து ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலிக்கிறது என்று அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டார்.

பத்துமலையில் அவர் கையிலிருந்த வாழைப்பழத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டது. கோபப்படவில்லை. குரங்குக்குக்கூட இந்த ஊர் தோதாகத்தான் இருக்கிறது என்றார்.

அருங்காட்சியகத்துக்கு இரண்டு தடவை போயாகிவிட்டது.

ஒவ்வொரு ராத்திரியும் யுஸ்ரில் கப்பல் டிக்கெட் பற்றிப் பேச்செடுப்பான். ஒவ்வொரு ராத்திரியும் அப்பா, இன்னும் ஒரே ஓர் இடம்தான் பாக்கி என்பார்.

சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஒரே அறை. நாலு பேர், நாலு பாய். அப்பா வந்ததிலிருந்து யுஸ்ரில் கீழே அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுக்கிறான்.

சுமத்ராவிலிருந்து பத்து நாள் ஊர் பார்க்க வந்தவர், முகச்சவரக் கண்ணாடி, குடை, தலையணை வரைக்கும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அறைக் கூட்டாளிகள் முதலில் சிரித்தார்கள். இப்போது சிரிப்பதில்லை.

கேட்காமலே கடைத் தட்டுகளைக் கழுவவும் உட்கார்ந்துவிடுவார். இரண்டு தட்டு உடைந்ததுதான் மிச்சம்.

நேற்று முதலாளியம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டுவிட்டாள். "உங்கப்பா ஊர் பாக்க வந்தாரா, ஊரை வெலைக்கு வாங்க வந்தாரா?"

நாளைக் காலை மலாக்காவிலிருந்து கப்பல். அதில் அவர் ஏறாவிட்டால், இரண்டு பேரும் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அது விளையாட்டுப் பேச்சில்லை.

இன்றைக்கு எப்படியும் சொல்லிவிட வேண்டும். வாயைத் திறப்பதற்கே அலுப்பாக இருந்தது.

ஈப்போ அம்மாள் முந்திக்கொண்டாள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், வீடு சொந்தமா என்று வரிசையாக விசாரித்தாள். கடைசிக் கேள்வியில் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"எங்க பக்கம் வீடெல்லாம் பொம்பளைங்களுக்குங்க. அம்மாகிட்டருந்து மகளுக்குப் போவும். கட்டிக்கிட்டு வர்ற ஆம்பள, வெட்டின மரத்து அடிக்கட்டைமேல கெடக்குற சாம்பல் மாதிரி. ஒரு காத்து அடிச்சா போச்சு."

உள்ளங்கையை நீட்டி ஊதியும் காட்டினார். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஊரில் எல்லாக் கல்யாணத்திலும் யாராவது ஒருத்தர் சொல்கிற வேடிக்கைதான். யுஸ்ரில் சிரிக்கவில்லை. அம்மா இறந்த நூறாம் நாள் சடங்கு போன மாதம்தான் முடிந்திருந்தது. லீவு கிடைக்காமல் அவன் போகவில்லை. எல்லாம் குறையில்லாமல் நடந்தது என்று அக்கா எர்னிதா போனில் சொன்னாள். அப்பாவிடம் கொடு என்றதற்கு, அவர் உன் ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார் என்றாள்.

பழைய சந்தைக்குப் பக்கத்தில் பேருந்து நின்றதும் அப்பா எழுந்தார். தபாலாபீஸ் பார்க்க வேண்டுமாம்.

தபாலாபீஸ் பார்க்க யாராவது கடல் தாண்டி வருவார்களா என்று அவன் கேட்பதற்குள் அவர் பாதிப் படி இறங்கியிருந்தார்.

வரிசையில் நின்றபடி யுஸ்ரில் ஆரம்பித்தான். கப்பல் காலையிலேயே புறப்பட்டுவிடும், விடியுமுன் மலாக்கா பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், வெளியே போனதும் முதல் வேலையாக டிக்கெட் வாங்கிவிடலாம்.

அப்பா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து இன்னும் ஒட்டாத ஓர் உறையை எடுத்தார். மேலே அக்காவின் பெயரும் விலாசமும்.

"இதுக்கு எதுக்குப்பா தபாலு? இது போய்ச் சேர்றதுக்குள்ள நீங்களே போய் நின்னுடுவீங்களே."

அப்பா உறையைக் கவுன்டரில் வைத்தார்.

அங்கே இருந்த பெண் அதை விரலால் அழுத்திப் பார்த்தாள். கெட்டியாக ஏதோ இருக்கிறதே, என்னவென்று எழுத வேண்டும் என்றாள்.

"சாவிம்மா. எங்க வீட்டு..."

நிறுத்திக்கொண்டார்.

"எம் மக வீட்டுச் சாவி."

பர்ஸைத் திறந்து பிடித்தபடியே யுஸ்ரில் நின்றான்.

அக்கா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். அவள் புருஷனும் சொல்லியிருக்க மாட்டான். மனைவி போன பிறகு ஆண்பிள்ளையை அந்த வீட்டிலிருந்து யாரும் போகச் சொல்வதில்லை. சொல்வதற்கு முன்னால் கிளம்பிவிடுவதுதான் மரியாதை.

அந்தப் பெண் உறைக்குள் எட்டிப் பார்த்து, சாவி என்று எழுதிக்கொண்டாள். பிறகு உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவரிடமே தள்ளினாள். அனுப்புகிறவர் விலாசம் எழுதவில்லையாம்.

அப்பா பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். உறையின் மூலையில் முனையை வைத்தார். வைத்தபடியே நின்றார்.

பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார்.

"இப்படிக் குடுங்கப்பா."

முதல் வரியில் அப்பாவின் பெயரை எழுதினான். அதற்குக் கீழே கடையின் பெயர், தெரு, மாடி அறை. 

அந்தப் பெண் கோந்து தடவி உறையை ஒட்டினாள். முத்திரை குத்தி, பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டாள்.