லில்லியின் தலைப்பக்கம்

தவக்காலத்துக் காலை வெயில் கொல்லைப்புறத் தொட்டியின் ஈரமண்ணில் மினுங்குகிறது. ஆரோக்கியம்மாளின் உள்ளங்கையில், கொடைக்கானலிலிருந்து முதன்முதலாக வாங்கி வந்த லில்லிக் கிழங்கு பெரிய பூண்டு போல உட்கார்ந்திருக்கிறது. எது தலை, எது வேர் என்று புரியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேர்ப்பக்கம் மேலே தெரியும்படி மண்ணில் வைக்கிறார். துவைக்கிற கல்லருகே நிற்கும் மருமகள் கீர்த்தனா அதைப் பார்த்துவிடுகிறாள். கீரனூர் வெங்காயக் காட்டில் வளர்ந்தவள் அவள். பெலிக்ஸைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து மாமியார் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் மகன் வழியாகத்தான். "அத்தை, அது தலைகீழா இருக்குதுங்க." ஆரோக்கியம்மாளின் கை அப்படியே நிற்கிறது. "ஏலே பெலிக்ஸ், இவளுக்கு லில்லி பத்தித் தெரியுமானு கேளு." முகமெல்லாம் சவர நுரையோடு பெலிக்ஸ் சன்னலில் எட்டிப் பார்க்கிறான். "பக்கத்துலதான நிக்கிறா, நீயே கேளும்மா." "தெரியுமா?" என்கிறார் ஆரோக்கியம்மாள், மண்ணைப் பார்த்தபடியே. "லில்லி தெரியாதுங்க அத்தை. வெங்காயந்தான் தெரியும்." ஆரோக்கியம்மாள் கிழங்கை வெளியே எடுக்கிறார். ஒட்டிய மண்ணை முந்தானையால் துடைத்து மருமகளின் கையில் வைக்கிறார். "அப்ப வெங்காயமுனு நெனச்சே வையி. அந்தோணியார் திருநாளுக்குள்ள பூக்கலைன்னா உன்னையத்தான் கேப்பேன்."