கொழும்புப் பிள்ளை

"எத்தீம் பிள்ளைன்னா என் வீட்டுக்கு வேண்டாம்."

கதவுக்குப் பின்னாலிருந்து உம்மு ஹபீபா சொன்னது கூடத்தில் இருந்த எல்லார் காதிலும் விழுந்தது. பள்ளிவாசல் லெப்பை காதர் மைதீன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். கணவர் அலியார் தலையைக் குனிந்துகொண்டார். அலியாரின் அக்கா தாஜுன்னிசா, உள்வாசற்படியில் முக்காட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் இதை எதிர்பார்த்தே வந்திருந்தாள்.

கொழும்பில் அலியாரின் துணிக்கடையில் வேலை பார்த்த ஒருவர் காய்ச்சலில் இறந்துபோனாராம். அவர் மனைவியும் போன மாதம் போய்விட்டாளாம். மிஞ்சியது அஞ்சு வயசுப் பையன். தாய் தகப்பன் இல்லாத அந்த எத்தீமைத் தான் எடுத்து வளர்க்கப் போவதாக அலியார் சொன்னதும் கீழக்கரை அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவரைக் கட்டித் தழுவாதவர்கள் இல்லை. அவரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

பையன் இன்று ராத்திரி கடைக் கணக்குப்பிள்ளையோடு கொழும்பில் ரயிலேறுகிறான். நாளைக்குக் கப்பலில் தனுஷ்கோடி வந்து இறங்குவான். சாயங்கால பஸ்ஸில் போய் ரயிலைப் பிடித்தால்தான் அலியார் அங்கே போய்ச் சேர முடியும்.

ஆனால் கீழக்கரையில் வீடு பெண்ணுக்குத்தான். இது உம்மு ஹபீபாவுக்கு அவள் வாப்பா கொடுத்த வீடு. எவ்வளவு பெரிய வியாபாரியானாலும் மாப்பிள்ளை அங்கே வந்து தங்குகிறவர்தான். அவள் சரியென்று சொல்லாமல் ஒரு பூனைக்குட்டியைக்கூட உள்ளே கொண்டுவர முடியாது.

"எத்தீமுக்குச் சோறு போடுறது எவ்வளவு பெரிய நன்மைம்மா" என்றார் லெப்பை.

"தெரியும் லெப்பை. ஒண்ணு கேக்கணும். எடுத்து வளர்த்தா, அவனை இவுக மகன்னு சொல்லலாமா?"

"கூடாதும்மா. வளர்க்கலாம். பெத்த வாப்பா பேரை மாத்தக்கூடாது. மார்க்கம் அப்படி."

"சொத்துல பங்கு?"

"கிடையாது. பிரியப்பட்டு ஏதாச்சும் எழுதி வச்சா உண்டு."

"நான் எழுதி வைக்கிறேன்" என்றார் அலியார் அவசரமாக.

"அவன் ஆளானப்புறம் நான் அவன் முன்னால வரலாமா லெப்பை?"

லெப்பை கொஞ்சம் தயங்கினார். "பருவம் வந்துட்டா அவன் அந்நிய ஆம்பளை மாதிரித்தான். நீங்க கோஷாவுலதான் இருக்கணும்."

"கேட்டுக்கிட்டீகளா? நான் ஊட்டி வளர்த்த பிள்ளைக்கு மீசை அரும்புனதும் நானே அவனுக்கு ஒளியணும். அப்படி ஒரு பிள்ளை எனக்கு வேண்டாம்."

தாஜுன்னிசாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"வயித்துல ஒண்ணு பெத்திருந்தா இந்தப் பேச்சு வருமா? சொத்தைப் பத்திக் கேக்குறா, மீசையைப் பத்திக் கேக்குறா. பச்சப்புள்ள பசியோட வருமேன்னு ஒரு வார்த்தை வருதா பாருங்க லெப்பை. என் தம்பிக்கு இரக்க மனசு. அவனுக்கு வாச்சது கல்லு."

உம்மு ஹபீபாவுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ஊர் முதுகுக்குப் பின்னால் பேசியதுதான். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அது சுடத்தான் செய்யும்.

லெப்பையும் அவளுக்குப் பரிந்து பேசவில்லை. அவருக்கும் மனசு கசந்துவிட்டது.

அலியார் கைப்பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு ஹபீபா. கொழும்புக்குத் தந்தி கொடுத்துடுறேன். அங்கன எத்தீம்கானா இருக்கு. அதுல கொண்டுபோய் விடட்டும்."

"அங்கன எதுக்கு விடணும்? கூட்டிட்டு வாங்க. அவனுக்குச் சட்டையெல்லாம் தச்சு வச்சிருக்கேன்."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"இப்பத்தானேம்மா வேண்டாம்னீங்க?" என்றார் லெப்பை.

"எத்தீம்னா வேண்டாம்னு சொன்னேன். மகனா வரட்டும்."

"அதான் மார்க்கத்துல இடமில்லைன்னு சொன்னேனே."

கதவு கொஞ்சம் திறந்தது. முக்காட்டுக்குள் பாதி முகம் தெரிந்தது. அழுதிருக்கிறாள். ஆனால் குரல் ஆடவில்லை.

"அவன் உம்மா படுக்கையில கிடந்தப்ப, கொழும்புலேருந்து ஊருக்கு வந்த எங்க சொந்தக்காரி சுலைகாகிட்ட எனக்குச் சலாம் சொல்லி விட்டிருந்தா லெப்பை. 'என் பிள்ளையை நீங்க வாங்கிக்கிடுங்க லாத்தா'ன்னு, கூடப்பொறந்த அக்காகிட்ட கேக்குற மாதிரி கேட்டுக்கிட்டா. இன்னும் என்னென்னவோ சொல்லி விட்டா."

பெட்டியோடு நின்ற அலியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். தாஜுன்னிசா முக்காட்டைச் சரிசெய்யத் தொடங்கினாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

லெப்பைக்கு இன்னும் பிடிபடவில்லை. ஏதோ சம்மதம் வந்துவிட்டதே, அது போதும் என்று இரண்டு கைகளையும் ஏந்தினார்.

"அல்ஹம்துலில்லாஹ். பிள்ளை நல்லபடியா வந்து சேர துஆ ஓதிடுறேன். பிள்ளை பேரு ஹாஜா முகைதீன். வாப்பா பேரு என்னம்மா?"

"வாப்பா உங்க எதிர்க்கத்தான் உட்கார்ந்திருக்காக லெப்பை. அவுக வாயாலயே சொல்லட்டும்."